நாண் நாராகும் கதை: முழங்கால் ஏசிஎல் அறுவை சிகிச்சை

அக்கா மகன் கபடி ஆடப்போன இடத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, "உள்ளே ஜவ்வு கிழிந்திருக்கிறது" என்றார்கள். வீட்டில் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, "தைத்துவிடலாம் அல்லவா?" என்பதுதான். கிழிந்தால் தைப்பதுதானே வழக்கம். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாள் மாலை, சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்க வந்த இளம் மருத்துவர் வேறு மாதிரி சொன்னார். கிழிந்ததைத் தைக்கப்போவதில்லையாம். தொடையின் பின்பக்கத்திலிருந்து ஒரு நாணை உருவி எடுத்து, முழங்காலுக்குள் புதிதாக ஒன்றைக் கட்டப்போகிறார்களாம். அக்கா பேனாவைக் கையில் பிடித்தபடியே கேட்டாள்: "அங்கே கிழிந்ததற்கு இங்கே அறுப்பீர்களா தம்பி? அப்புறம் இந்த இடம் என்ன ஆகும்?" அவருக்கு அடுத்த வார்டுக்குப் போகிற அவசரம். சிரித்துக்கொண்டே ஏதோ சொல்லிவிட்டுப் போனார். கையெழுத்து விழுந்தது, கேள்வி மட்டும் அப்படியே நின்றது. அதற்கு விடை தேடிப் படித்ததையும், மருத்துவரிடமும் பிசியோதெரபிஸ்டிடமும் நச்சரித்துக் கேட்டுக்கொண்டதையும்தான் இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன். உங்கள் காலுக்கு என்ன செய்ய வேண்டும் என்பதை, உங்கள் காலைத் தொட்டுப் பார்க்கிற மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

ஜவ்வு என்றால் எது?

பாதிக் குழப்பம் இந்தச் சொல்லிலிருந்தே தொடங்குகிறது. முழங்காலுக்குள் எலும்பு அல்லாத எதுவும் நம் ஊரில் ஜவ்வுதான். உண்மையில் அங்கே மூன்று வேறு வேறு பொருள்கள் இருக்கின்றன. மூன்றும் கிழியும், மூன்றுக்கும் வைத்தியம் வேறு.

முதலாவது தசைநாண். தசையின் நுனி கயிறு போல இறுகி எலும்பில் போய்ப் பற்றிக்கொள்ளும் இடம் அது. வில்லின் நாணைப் போல, இழுப்பதுதான் அதன் வேலை. தசை சுருங்கினால் நாண் இழுபடும், எலும்பு அசையும். இரண்டாவது தசைநார். பெயரில் தசை இருந்தாலும் அதற்கும் தசைக்கும் தொடர்பில்லை. எலும்பையும் எலும்பையும் சேர்த்துக் கட்டியிருக்கும் கட்டு அது. பூக்கட்டுகிற நாரை நினைத்துக்கொள்ளுங்கள். நார் இழுப்பதில்லை, பிடித்து வைக்கிறது. மூன்றாவது மெனிஸ்கஸ். இரண்டு எலும்புகளுக்கும் இடையில் பிறை வடிவில் கிடக்கிற, மெத்தை போன்ற குருத்தெலும்பு. ஒரு முழங்காலுக்கு இரண்டு. பத்திரிகைகளிலும் சில மருத்துவமனைச் சீட்டுகளிலும் முதல் இரண்டையுமே தசைநார் என்று எழுதிவிடுகிறார்கள். இந்தக் கட்டுரையில் நாண் என்றால் இழுப்பது, நார் என்றால் கட்டுவது என்று வைத்துக்கொள்வோம். இந்த ஒரு வேறுபாடு பிடிபட்டால் அறுவை சிகிச்சையில் பாதி புரிந்த மாதிரி.

நாணைத் தொட்டே பார்க்கலாம். நாற்காலியில் உட்கார்ந்து, குதிகாலை நாற்காலிக் காலின் மேல் பின்னோக்கி அழுத்துங்கள். முழங்காலுக்குப் பின்னால், உட்பக்கமாக விரலை வைத்தால் முறுக்கிய கயிறு போல ஒன்று விறைத்து நிற்கும். அதுதான் செமிடென்டினோசஸ் என்ற பின்தொடைத் தசையின் நாண். அதை ஒட்டி இன்னும் மெலிதாக ஒன்று தட்டுப்படும். அது கிராசிலிஸ் தசையின் நாண். இந்த இரண்டு பெயர்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவார்கள். நாரை அப்படித் தொட முடியாது, மூட்டுக்குள் ஆழத்தில் இருக்கிறது. ஆனால் பார்க்க முடியும். கோழிக்காலைத் தொடைத் துண்டிலிருந்து பிரிக்கும்போது, மூட்டின் நடுவில் வெள்ளையாக, கத்திக்கு முரண்டு பிடிக்கிற சிறு கட்டு ஒன்று இருக்குமே, அந்த இனம்தான்.

மூட்டின் நடுவே ஒரு பெருக்கல் குறி

முழங்கால் மூட்டு வினோதமானது. இடுப்பில் பந்து கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருப்பது போல எலும்பு பொருந்தியிருக்கிறது. முழங்காலில் அந்தச் சௌகரியம் இல்லை. உருண்டையான முனையுள்ள தொடை எலும்பு, ஏறத்தாழத் தட்டையான கீழ்க்கால் எலும்பின் மேல் நிற்கிறது. மேசையில் வைத்த உருளையைப் போல. அது வழுக்கிப் போகாமல் பிடித்திருப்பவை நான்கு நார்கள். உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று, மூட்டின் நட்டநடுவில் பெருக்கல் குறி போல ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொண்டு இரண்டு. நடுவிலுள்ள இரண்டில் முன்னால் இருப்பது முன்சிலுவைத் தசைநார். மருத்துவமனைகளிலும் விளையாட்டுப் பக்கங்களிலும் ஏசிஎல் என்றே சொல்கிறார்கள். நாமும் அப்படியே சொல்வோம்.

நீளம் சுமார் மூன்று சென்டிமீட்டர், அகலம் ஒரு சென்டிமீட்டர். சுண்டுவிரலின் பாதிகூட இருக்காது. ஆனால் இளைஞர்களின் ஏசிஎல்லை ஆய்வகத்தில் இழுத்துப் பார்த்தபோது அறுவதற்கு ஏறத்தாழ 2,160 நியூட்டன் விசை தேவைப்பட்டிருக்கிறது. 220 கிலோ எடையைத் தொங்கவிட்ட மாதிரி. கீழ்க்கால் எலும்பு முன்னோக்கி நழுவாமல் தடுப்பது அதன் முதல் வேலை. ஓடிக்கொண்டே சட்டென்று திரும்பும்போது அந்த எலும்பு முறுக்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது இரண்டாவது. இதற்குள் நரம்பு முனைகளும் இருக்கின்றன. கால் இப்போது எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும் ஒற்றனும் அதுவே.

இவ்வளவு வலிமையானது எப்படி அறுகிறது? மற்றவர் மோதித்தான் அறுகிறது என்று நினைப்போம். பெரும்பாலும் யாரும் தொடுவதே இல்லை. வேகமாக ஓடிவந்து சட்டென்று நிற்பது, பாதம் தரையில் பதிந்திருக்க உடல் மட்டும் திரும்புவது, எகிறிக் குதித்து ஒற்றைக் காலில் இறங்குவது. இந்த நொடிகளில்தான் போகிறது. கால்பந்து, கபடி, பாட்மின்டன், வாலிபால் எல்லாவற்றிலும் இந்த அசைவுகள் உண்டு. நம் சாலைகளில் இருசக்கர வாகனம் சாயும்போது காலை ஊன்றித் தாங்கப் பார்ப்பதும் இதே கணக்கில் சேரும். பலருக்கு உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம் கேட்கும். சில மணி நேரத்தில் முழங்கால் பலூன் போல வீங்கிவிடும். அறுந்த நாரிலிருந்து மூட்டுக்குள் கசிந்த இரத்தம் அது.

அதற்குப் பிறகு நடப்பதுதான் ஏமாற்று வேலை. இரண்டு மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்துவிடும். வலியும் போய்விடும். நேராக நடந்தால் ஒன்றுமே தெரியாது. அக்கா மகனுக்கும் எண்ணெய்க் கட்டுப் போட்டு மூன்று வாரத்தில் சரியாகிவிட்டது என்றுதான் எல்லாரும் நம்பினோம். ஒருநாள் கடைவாசலில் யாரோ கூப்பிட, சட்டென்று திரும்பினான். கால் மட்டும் வரவில்லை. கையிலிருந்த பால் பாக்கெட்டோடு தரையில் உட்கார்ந்துவிட்டான். "கால் என்னுடையது மாதிரியே இல்லை மாமா, நழுவிப் போகிறது" என்றான். நார் இல்லாத முழங்காலைப் பற்றி அதற்குப் பிறகு எத்தனையோ படித்தேன். இதைவிடத் துல்லியமான வரியைப் பார்க்கவில்லை.

மருத்துவர் அதைக் கையாலேயே கண்டுபிடித்துவிட்டார். மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை இருபது முப்பது டிகிரி மட்டும் மடக்கி, ஒரு கையால் தொடையை அசையாமல் பிடித்துக்கொண்டு மறுகையால் கீழ்க்காலை முன்னோக்கி இழுத்தார். நல்ல காலில், நாய்ச்சங்கிலி முழுநீளம் போய் 'டக்'கென்று நிற்பது போல ஓரிடத்தில் நின்றது. அடிபட்ட காலில் அந்த 'டக்' இல்லை. சதை தடுக்கிற வரை போய்க்கொண்டே இருந்தது. லாக்மன் சோதனை என்று பெயர். எம்ஆர்ஐ ஸ்கேன் அதை உறுதிசெய்யவும், கூடவே மெனிஸ்கஸ் கிழிந்திருக்கிறதா என்று பார்க்கவும் எடுக்கப்படுகிறது.

தைத்தால் என்ன?

உள்பக்க நார் கிழிந்தால் பெரும்பாலும் பட்டை போட்டுக் காத்திருந்தாலே கூடிவிடுகிறது. கை வெட்டுப்பட்டால் இரத்தம் உறைந்து பொருக்குக் கட்டி, அதன் மேல் புதுத்தோல் வருகிறது அல்லவா? உள்ளேயும் அதே முறைதான். இரத்த உறைவு இரண்டு முனைகளையும் பாலம் போலச் சேர்க்க, அந்தப் பாலத்தின் மேல் புது இழைகள் வளர்கின்றன. ஏசிஎல்லுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அது மூட்டுத் திரவத்தில் மூழ்கிக் கிடக்கிறது. உறைவு உருவாகிற போதே திரவம் அதைக் கரைத்துக் கழுவிவிடுகிறது. ஓடுகிற வாய்க்காலில் களிமண் கரை கட்டுகிற கதை. போதாக்குறைக்கு அறுந்த முனைகள் ஒழுங்கான வெட்டாக இருப்பதில்லை. பிரித்துப் போட்ட தேங்காய் நாரைப் போலச் சிதறிக் கிடக்கும். ஊசி எதைப் பிடிக்கும்?

தைத்துப் பார்க்காமல் இல்லை. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஆர்தர் மேயோ ராப்சன் என்ற அறுவை மருத்துவர் 1895-இல் ஒரு சுரங்கத் தொழிலாளியின் சிலுவைத் தசைநார்கள் இரண்டையும் தைத்தார். 1903-இல் அதைப் பதிவுசெய்து வெளியிட்டார். தையல் வேலை இருபதாம் நூற்றாண்டில் வெகுகாலம் ஓடியது. பிறகு 1976-இல், அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்ட் ராணுவப் பயிற்சிக் கல்லூரியில் தையல் போட்டுக்கொண்ட இளைஞர்களை ஐந்து ஆண்டுகள் கழித்து ஃபீகின், கர்ல் என்ற இரு மருத்துவர்கள் பரிசோதித்து எழுதினார்கள். தொடக்கத்தில் நன்றாக இருந்த முழங்கால்கள் பெரும்பாலானவை மறுபடி நழுவத் தொடங்கியிருந்தன. தையல் மீதிருந்த நம்பிக்கை அதோடு வேகமாகச் சரிந்தது.

தைக்காமல் வேறொன்றை வைத்துக் கட்டும் யோசனையும் புதிதல்ல. பிரிஸ்டல் நகரில் ஏர்னஸ்ட் ஹே க்ரோவ்ஸ் 1917-இலேயே தொடையின் வெளிப்பக்கத் திசுப்பட்டை ஒன்றை எடுத்து, எலும்புகளில் துளையிட்டு, அதன் வழியே கோத்துக் கட்டினார். இன்றைய அறுவை சிகிச்சையின் எலும்புக்கூடு அதுதான். இடையில், 1980-களில், உடம்பிலிருந்து எதற்கு எடுக்க வேண்டும் என்று கார்பன் இழை, டாக்ரான், கோர்டெக்ஸ் என்று செயற்கைக் கயிறுகளை வைத்துப் பார்த்தார்கள். அவை சில ஆண்டுகளில் தேய்ந்து, உதிர்ந்த துகள்கள் மூட்டை வீங்கவைத்தன. உயிருள்ள திசுவுக்கே திரும்பி வந்தார்கள்.

தையல் இப்போது வேறு உருவில் மெல்லத் தலைகாட்டுகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாஸ்டனில் மார்த்தா முர்ரே என்ற மருத்துவரின் குழு, நோயாளியின் இரத்தத்தில் நனைத்த, கொலாஜன் என்ற புரதத்தாலான பஞ்சு ஒன்றை அறுந்த முனைகளுக்கு நடுவில் வைத்து, திரவம் உறைவைக் கழுவிவிடாமல் தடுக்கும் முறையை உருவாக்கியது. அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020 டிசம்பரில் அதற்கு அனுமதி கொடுத்தது. பரவலான வழக்கம் இன்னும் பழையதுதான்: மாற்று நாண்.

கிழிந்தது நாணாகவே இருந்தால் தையல்தான் வழி. பிரேசில் கால்பந்து வீரர் ரொனால்டோவுக்கு 2000 ஏப்ரலில் நடந்தது அதுதான். காயத்திலிருந்து மீண்டு களத்துக்குள் வந்த ஏழு நிமிடங்களுக்குள், முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள நாண் முழுவதும் அறுந்தது. அந்த நாண் மூட்டுத் திரவத்துக்கு வெளியே இருப்பது. தைத்துச் சேர்த்தால் கூடும். 2002 உலகக் கோப்பையில் அவர் எட்டு கோல் அடித்தார். "அவருக்குத் தைத்தார்களே, நமக்கு ஏன் தைக்கவில்லை?" என்று யாராவது கேட்டால், அவருடையது நாண், நம்முடையது நார் என்று சொல்லலாம்.

எல்லாருக்கும் தேவையா?

ஏசிஎல் அறுந்த எல்லாரும் கத்திக்குப் போக வேண்டியதில்லை. இதை மருத்துவர்களே சொன்னாலும் நம் காதில் ஏறுவதில்லை. ஸ்வீடனில் 121 இளைஞர்களை இரண்டாகப் பிரித்து நடத்திய ஓர் ஆய்வு 2010-இல் வெளியானது. ஒரு பிரிவுக்கு உடனே அறுவை சிகிச்சை. மறுபிரிவுக்கு முதலில் முறையான உடற்பயிற்சி மட்டும். கால் நழுவிக்கொண்டே இருந்தால் பிறகு அறுவை. இரண்டு ஆண்டு முடிவில் வலி, நடமாட்டம், விளையாட்டு ஆகியவற்றை வைத்துக் கணக்கிட்ட மதிப்பெண்களில் இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. காத்திருந்த 59 பேரில் அதற்குள் 23 பேர்தான் அறுவைக்குப் போயிருந்தார்கள்.

இதைப் படித்துவிட்டு எல்லாரும் காத்திருக்கலாம் என்று நான் சொல்ல வரவில்லை. நேர்கோட்டில் நடப்பவர், சைக்கிள் ஓட்டுபவர், மேசை வேலை பார்ப்பவர் தொடைத் தசைகளைப் பலப்படுத்திக்கொண்டே சமாளிக்கலாம். திரும்பித் திரும்பி ஆடும் விளையாட்டுக்காரருக்கும், ஏணியில் ஏறி வேலை செய்பவருக்கும், அன்றாட நடையிலேயே கால் நழுவுபவருக்கும் கணக்கு வேறு. ஒவ்வொரு முறை நழுவும்போதும் நடுவில் மாட்டிக்கொண்டு நசுங்குவது மெனிஸ்கஸ். அது போனால் மூட்டுத் தேய்மானம் சீக்கிரம் வரும். அதே சமயம், அறுவை செய்துகொண்டால் தேய்மானமே வராது என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்ப வேண்டாம். அடிபட்ட நாளிலேயே குருத்தெலும்புக்கு ஒரு அதிர்ச்சி விழுந்துவிடுகிறது. அதைக் கத்தியால் திருப்பி வாங்க முடியாது.

நாணை எங்கிருந்து எடுப்பது?

மூன்று நான்கு இடங்கள் உண்டு. முழங்கால் சில்லுக்குக் கீழே இருக்கும் நாணின் நடுப்பகுதியை, இரு முனையிலும் சிறு எலும்புத் துண்டோடு சேர்த்து எடுக்கலாம். எலும்போடு எலும்பு சீக்கிரம் ஒட்டும் என்பதால் உறுதிக்குப் பெயர்பெற்றது இது. ஆனால் பின்னால் மண்டியிடும்போது முன்பக்கம் குத்தும். தொழுகையிலோ ஜெபத்திலோ தினமும் மண்டியிடுபவர், தரையில் உட்கார்ந்து வேலை செய்பவர் இதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுவது நல்லது. மருத்துவர்கள் தாமாகக் கேட்காமல் விட்டுவிடுவதும் உண்டு. சில்லுக்கு மேலே இருக்கும் முன்தொடைத் தசையின் நாண் இன்னொன்று. கணுக்காலின் வெளிப்பக்கமாக இறங்கும் ஒரு நாணையும் அண்மைக் காலமாக இந்தியாவில் சிலர் பயன்படுத்துகிறார்கள். இறந்தவரிடமிருந்து தானமாகப் பெறுவது மேலைநாடுகளில் உண்டு, இங்கே அரிது.

நம் ஊரில் அதிகம் எடுக்கப்படுவது, நாற்காலியில் உட்கார்ந்து நீங்கள் தொட்டுப் பார்த்தீர்களே, அந்த இரண்டும்தான்.

மேசைமேல் ஒரு கயிறு

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்கிறார்கள். தொடையில் இறுக்குப் பட்டை. முழங்காலின் உட்பக்கம், கீழே, மூன்று சென்டிமீட்டர் அளவுக்கு ஒரு வெட்டு. அதன் வழியே செமிடென்டினோசஸ் நாணின் நுனியைத் தேடிப் பிடித்து, முனையில் வளையம் உள்ள நீண்ட கம்பி ஒன்றை அதன்மேல் கோத்துத் தொடைக்குள் மேல்நோக்கித் தள்ளுகிறார்கள். வளையம் தசையை வழித்துக்கொண்டே போக, நாண் மட்டும் கழன்று வெளியே வருகிறது. முருங்கைக்காயில் நார் உரிப்பதைப் பார்த்தவர்களுக்கு விளங்கும். ஓர் அடி நீளத்துக்குச் சற்றுக் குறைவாக, ஈர வெள்ளையில், ஒரு முனையில் சிவப்புச் சதை ஒட்டிக்கொண்டு.

பக்கத்து மேசையில் உதவி மருத்துவர் ஒருவர் இதை வாங்கிக்கொள்கிறார். எனக்கு இந்த அறுவை சிகிச்சையிலேயே மிகப் பிடித்த பகுதி இது. ஏறக்குறைய நெசவு வேலை. ஒட்டியிருக்கும் சதையை உலோகத் தகட்டால் சுரண்டி எடுக்கிறார். இரண்டு நாண்களையும் மடித்துச் சேர்த்து நான்கு இழையாக்குகிறார். முனைகளில் பின்னல் தையல் போட்டு இறுக்குகிறார். பிறகு, அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தில் வரிசையாகத் துளையிட்ட ஒரு கட்டைக்குள் நுழைத்து, எந்தத் துளையில் இறுக்கமாகப் போகிறது என்று பார்க்கிறார். எட்டு மில்லிமீட்டரோ அதற்கு மேலோ வந்தால் எல்லாருக்கும் நிம்மதி. மெலிந்த நாண் பின்னால் அறுவதற்கு வாய்ப்பு அதிகம். அளந்த பிறகு இரு முனையையும் பலகையில் மாட்டி இழுத்துக் கட்டி, வான்கோமைசின் என்ற நோய்க்கிருமி எதிர்ப்பு மருந்தில் நனைத்த துணியால் போர்த்தி வைக்கிறார்கள்.

இதற்கிடையில் முழங்காலின் முன்பக்கம் இரண்டு சிறு துளைகள். ஒன்றின் வழியே பென்சிலைவிட மெல்லிய கேமரா, இன்னொன்றின் வழியே கருவிகள். மூட்டுக்குள் உப்புத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க, பழைய நாரின் சிதறல்களைச் சுத்தம் செய்துவிட்டு, கீழ்க்கால் எலும்பிலும் தொடை எலும்பிலும் சுரங்கம் போல ஒவ்வொரு துளை இடுகிறார்கள். மருத்துவரின் கைத்திறன் தெரிவது இந்த இடத்தில்தான். இயற்கையான நார் எந்தப் புள்ளியில் தொடங்கி எங்கே முடிந்ததோ, அதே புள்ளிகளில் துளை விழ வேண்டும். சில மில்லிமீட்டர் தவறினாலும் கால் மடங்கும்போது கயிறு அதிகமாக இறுகும், இல்லையென்றால் தளரும். மாற்று நாணை நூல்களால் கீழிருந்து மேலே இழுத்துக் கோத்து, மேல்பக்கம் சட்டைப் பொத்தானைவிடச் சற்று நீளமான டைட்டானியம் தகடு ஒன்றை எலும்புக்கு வெளியே குறுக்காகத் திருப்பி மாட்டுகிறார்கள். பொத்தான் துளைக்குள் பொத்தான் மாட்டுவது போலவேதான். கீழ்ப்பக்கம் திருகு. காலை மடக்கி நீட்டிப் பார்த்து, அதே லாக்மன் சோதனையைச் செய்கிறார்கள். 'டக்' என்று நிற்கிறது.

கட்டியவுடன் வலிமை, பிறகு பலவீனம்

வெளியே வந்த மருத்துவர் "நல்ல உறுதியாக இருக்கிறது" என்று சொல்வது உண்மைதான். நான்கு இழை நாண் அன்றைக்கு 4,000 நியூட்டன் அளவுக்குத் தாங்கும். இயற்கையான நாரைவிட அதிகம். பிறகு எதற்கு ஒன்பது மாதம் காத்திருக்கச் சொல்கிறார்கள்? இதை யாரும் எங்களுக்கு ஒழுங்காகச் சொல்லவில்லை. என்னைக் கேட்டால், முதல் நாளே சொல்ல வேண்டியது இதுதான்.

தொடையிலிருந்து எடுத்த கணமே அந்த நாணுக்கு இரத்த ஓட்டம் நின்றுவிடுகிறது. உள்ளிருக்கும் செல்கள் செத்துப்போகின்றன. மூட்டுக்குள் நாம் கட்டிவைத்திருப்பது வெறும் சாரம்: கொலாஜன் இழைகளாலான உயிரற்ற கயிறு. அதன்மேல் மெல்ல மூட்டின் உட்சவ்வு படர்கிறது. நுண்ணிய இரத்தக் குழாய்கள் நுழைகின்றன. புதுச் செல்கள் குடியேறுகின்றன. வந்தவை சும்மா இருப்பதில்லை. பழைய இழைகளை அரித்துத் தின்றுவிட்டுப் புது இழைகளைப் பின்னுகின்றன. ஓட்டு வீட்டின் கூரையைப் பிரிக்காமலேயே உளுத்த கைமரங்களை ஒவ்வொன்றாக மாற்றுவார்களே, அதுதான். பாதி மரங்களை உருவிவிட்ட வாரத்தில் அந்தக் கூரை எப்படியிருக்கும்? விலங்குகளில் செய்த ஆய்வுகளின்படி ஆறாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை மாற்று நாண் இருப்பதிலேயே பலவீனமாக இருக்கிறது. நோயாளிக்கோ சரியாக அந்த நாள்களில்தான் வலி போய், நடை சீராகி, "எனக்கு எல்லாம் சரியாகிவிட்டது" என்று தோன்றத் தொடங்குகிறது. உணர்வு ஒரு பக்கம் ஏறுகிறது, உறுதி மறுபக்கம் இறங்குகிறது.

டேவிட் அமியேலும் அவருடைய சகாக்களும் 1986-இல் முயல்களின் முழங்காலில் இந்த மாற்றத்தைப் படிப்படியாகப் பார்த்து எழுதினார்கள். இழுப்பதற்காகப் பிறந்த நாண், கட்டுவதற்கான நாரின் குணங்களை மெல்ல மெல்ல ஏற்றுக்கொள்கிறது. மனிதர்களில் இது முடிய ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். அசலின் அச்சு அசலாக அது ஒருபோதும் ஆவதில்லை, ஆனால் வேலை செய்யும் அளவுக்கு ஆகிறது.

தலையணையை எடுங்கள்

அறுவை முடிந்து வந்தவன் காலுக்கடியில் அக்கா மெத்தென்ற தலையணையை வைத்தாள். அடுத்த நாள் வந்த பிசியோதெரபிஸ்ட் பெண் முதலில் செய்தது அதை உருவி எடுத்ததுதான். "முழங்காலுக்குக் கீழே வைக்காதீர்கள் அம்மா. கால் மடங்கியபடியே இறுகிப்போகும்" என்று சொல்லி, துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வைத்தார். முழங்கால் முழுவதும் நீளுகிறதா என்பதுதான் முதல் சில வாரங்களின் பெரிய கவலை. மடங்குவது பின்னால் வந்துவிடும். நீளாமல் போனால் பிறகு நொண்டுவதுதான்.

அடுத்த அதிர்ச்சி முன்தொடைத் தசை. "தொடையை இறுக்குங்கள்" என்றார். அவன் தன் தொடையையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றும் நடக்கவில்லை. தசைக்கு எந்தச் சேதமும் இல்லை. மூட்டு வீங்கியிருந்தால் நரம்பு மண்டலம் அந்தத் தசையின் சுவிட்சை அணைத்துவிடுகிறதாம். நான்காம் நாள் சில்லு ஒரு நூலளவு மேலே நகர்ந்தபோது வீடே கைதட்டியது. அப்புறம் ஊன்றுகோல், காலை நீட்டித் தூக்குவது, நிலையான சைக்கிள், படிக்கட்டு என்று நாள்கள் போயின. மூன்று நான்கு மாதத்தில் நேர்கோட்டில் மெல்லோட்டம். திரும்பி ஓடுவதும் குதிப்பதும் அதற்கும் பிறகு.

விளையாட்டுக்கு எப்போது? ஒன்பது மாதத்துக்கு முன்னால் வேண்டாம் என்பதற்கு வெறும் எச்சரிக்கை உணர்வைவிட வலுவான காரணம் உண்டு. நார்வேயும் அமெரிக்காவும் சேர்ந்து நடத்தி 2016-இல் வெளியான ஆய்வில், ஒன்பது மாதம் வரை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போட்டதற்கும் மறுகாயம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. நாள்காட்டி மட்டும் போதாது. ஒற்றைக்காலில் தாவும் தூரம், தொடையின் பலம் எல்லாம் நல்ல காலோடு ஒப்பிட்டால் தொண்ணூறு விழுக்காடாவது தேற வேண்டும். பிரேசில் கால்பந்து வீரர் நெய்மாரைப் பாருங்கள். 2023 அக்டோபர் 17 அன்று உருகுவேக்கு எதிரான ஆட்டத்தில் ஏசிஎல் அறுந்தது. பணத்துக்கும் மருத்துவத்துக்கும் குறைவில்லாத அவரே அடுத்த ஆட்டத்தில் இறங்கியது 2024 அக்டோபர் 21 அன்று. நம் பையன்கள் ஐந்தாம் மாதமே பொங்கல் விளையாட்டுப் போட்டிக்குப் பெயர் கொடுக்கிறார்கள்.

இளம் வயதினருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. இருபத்தைந்து வயதுக்குள் அறுவை செய்துகொண்டு விளையாட்டுக்குத் திரும்பியவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு மறுபடியும் ஏசிஎல் அறுகிறது. அதே காலிலோ, நன்றாக இருந்த மறுகாலிலோ. கிருமித்தொற்று, காலின் இரத்தக் குழாயில் இரத்தக் கட்டு, மூட்டு இறுகிப்போவது ஆகியவை அபூர்வமான தொல்லைகள். காய்ச்சலோடு முழங்கால் சிவந்து வீங்கினாலோ, கெண்டைக்கால் கல் போல இறுகி வலித்தாலோ உடனே மருத்துவரிடம் போக வேண்டும். வெட்டுப்பட்ட இடத்துக்குப் பக்கத்தில் தோல் மரத்துப்போவது மட்டும் பலருக்கும் நடக்கும், அஞ்ச வேண்டியதில்லை.

அக்கா கேட்டாளே, "இந்த இடம் என்ன ஆகும்?" என்று. இரண்டு நாண்களை உருவி எடுத்த தொடைக்கு என்ன நடந்தது? மற்ற பின்தொடைத் தசைகள் வேலையைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. குதிகாலைப் பிட்டம் வரை மடக்கி இழுக்கும் கடைசிக் கோணத்தில் மட்டும் சிலருக்குக் கொஞ்சம் பலக்குறைவு நீடிக்கும். விசித்திரம் அதற்கு அப்பால் இருக்கிறது. ஓரிரு ஆண்டு கழித்து ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், பெரும்பாலானவர்களுக்கு உருவிய இடத்தில் நாண் மறுபடியும் வளர்ந்து கீழே இறங்கியிருக்கிறது. பழைய இடத்துக்குச் சற்று மேலேயே எலும்பைப் பற்றிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். மருத்துவர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் பல்லிவால். அக்காவிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை. மகனை நாற்காலியில் உட்காரவைத்து, குதிகாலை அழுத்தச் சொல்லி, முழங்காலுக்குப் பின்னால் தானே விரலை வைத்துத் தடவிப் பார்த்தாள்.